பூனையோடு பிளவக்கல் போகிறீர்களா?

பயணம் கிளம்பும்போது பூனை குறுக்கே வந்தால், வீட்டுக்குள் திரும்பிப் போய் ஒரு டம்ளர் தண்ணீர் குடித்து, கொஞ்சம் உட்கார்ந்துவிட்டுக் கிளம்புகிறவர்கள் நாம். இப்போது பாருங்கள், பூனையே முதல் ஆளாகக் காரில் ஏறிக்கொள்கிறது! சகுனம் பார்க்க யாருக்கும் நேரமில்லை.

ராஜபாளையம் நாய்க்குப் பேர்போன ஊர். 2005-இல் தபால்தலையிலேயே எங்கள் ஊர் நாய் இடம் பிடித்துவிட்டது. அப்பேர்ப்பட்ட ஊரிலிருந்து ஒருவர் பூனையைப் பற்றி எழுதுகிறாரே, அதிலும் சித்த மருத்துவருக்கு இதில் என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். காரணம் இருக்கிறது. பொங்கல் விடுமுறை, கோடை விடுமுறை வந்தால் எங்கள் பக்கத்து ஜனங்கள் பிளவக்கல் அணைக்கும், வத்திராயிருப்புத் தோப்புகளில் இருக்கும் சொந்தக்காரர் வீட்டுக்கும் கிளம்பிவிடுவார்கள். திரும்பி வந்த மறுநாள் என் வைத்தியசாலைக்கு இரண்டு விதமான ஆட்கள் வருவார்கள். ஒன்று, பூனை கீறிய கையோடு வரும் குழந்தை. இன்னொன்று, "வண்டியில வாந்தி எடுத்துச்சுன்னு இஞ்சிச் சாறு குடுத்தோம் டாக்டரய்யா, அதிலிருந்து நுரை நுரையாத் தள்ளுது" என்று பதறிக்கொண்டு வரும் அம்மா.

இத்தனை வருஷமாக நான் கவனித்து வருவது இதுதான். பயணத்தில் பூனைக்கு வரும் கெடுதலில் பெரும்பகுதி நம் பிரியத்தால் வருகிறது. மடியில் தூக்கி வைத்துக்கொள்கிறோமே, அது பிரியம். கிளம்பும் முன் வயிறு முட்டப் பால் ஊற்றுகிறோமே, அதுவும் பிரியம். நமக்குப் போடும் மருந்தையே அதற்கும் போடுவது ரொம்ப ரொம்பப் பிரியம்!

முதலில் ஒரு கேள்வி. பூனையைக் கட்டாயம் கூட்டிப் போகத்தான் வேண்டுமா? நாய் ஆளோடு ஒட்டும், பூனை இடத்தோடு ஒட்டும் என்று பெரியவர்கள் சொல்வதில் நிறைய உண்மை உண்டு. காலையில் போய் மாலையில் திரும்பும் பயணம், அல்லது ஓரிரவு தங்கல் என்றால் என் யோசனை, விட்டுவிட்டுப் போங்கள் என்பதுதான். பக்கத்து வீட்டு அக்காவிடம் சாவியைக் கொடுத்து, இரண்டு வேளை சாப்பாடும் தண்ணீரும் வைக்கச் சொன்னால் போதும். ஒரு வாரம் தங்குவதற்கோ, வீடு மாற்றிப் போவதற்கோ என்றால் மட்டும் கூட்டிப் போகலாம்.

அப்படிக் கூட்டிப் போவதாக இருந்தால், உங்கள் மருந்துப் பெட்டியை முதலில் பூனையிடமிருந்து தள்ளி வையுங்கள்.

ஏன் தெரியுமா? நாம் விழுங்கும் பல மருந்துகளை நம் கல்லீரல் ஒரு குறிப்பிட்ட வழியில் மாற்றி வெளியே அனுப்பிவிடுகிறது. பூனையின் கல்லீரலில் அந்த வழி கிட்டத்தட்ட அடைபட்டே இருக்கிறது. ஜுரத்துக்கு நாம் சர்வசாதாரணமாகப் போடும் 500 மில்லிகிராம் பாராசிட்டமால் மாத்திரை ஒன்றே ஒன்று போதும், ஒரு பூனையின் உயிரைப் பறித்துவிடும். முகமும் பாதமும் வீங்கி, ஈறு பழுப்பாகவோ நீலமாகவோ மாறி, மூச்சு வாங்கும். ஆஸ்பிரினும் பூனை உடம்பை விட்டு லேசில் போகாது. தூங்கிக்கொண்டே வரட்டும் என்று அவில் மாத்திரையில் பாதியைக் கொடுக்கிறவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். பயணத்தில் மிரளும் பூனைக்குக் கால்நடை மருத்துவர் எடை பார்த்து, அளவு சொல்லித் தரும் மருந்து இருக்கிறது. அதை மட்டும் கொடுங்கள். அதையும் பயணத்தன்று முதல் முறையாகக் கொடுக்காமல், நாலு நாள் முன்பே வீட்டில் வைத்து ஒரு தடவை கொடுத்து எப்படி இருக்கிறது என்று பார்த்துக்கொள்வது நல்லது.

"மாத்திரைதானே கூடாது, மூலிகை கொடுக்கலாமே?" என்று என்னிடம் கேட்பார்கள். மூலிகையோடு முப்பது வருஷம் குடித்தனம் நடத்துகிறவன் என்ற முறையில் சொல்கிறேன், கொடுக்காதீர்கள். மனிதனுக்கு என்று அளவு பார்த்து வைத்த மருந்து, நாலு கிலோ எடையுள்ள பிராணிக்குப் பொருந்தாது. நமக்குக் குமட்டினால் இஞ்சி, எலுமிச்சை, ஓமம் எல்லாம் கைகொடுக்கும். பூனைக்கு எலுமிச்சைத் தோலின் எண்ணெயே ஆகாது. நீலகிரித் தைலமும் கற்பூரமும் அதைவிடக் கெடுதல். உடம்பில் தடவினால் பூனை நக்கி விழுங்கிவிடும். பூண்டும் வெங்காயமும் அதன் ரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும். அதனால் பூண்டுச் சாறு, வெங்காயச் சாறு என்று எந்தக் கைவைத்தியமும் வேண்டாம்.

இன்னொன்றையும் கவனியுங்கள். குழந்தைக்குக் குமட்டுகிறது என்று காருக்குள் தைலக் குப்பியைத் திறக்கிறோம். கார் மணக்கட்டும் என்று முன்பக்கம் கற்பூரக் கட்டி வைக்கிறோம். கண்ணாடி ஏற்றி ஏ.சி. போட்ட காரில் அந்த நெடி எங்கே போகும்? பூனை வரும் நாளில் மட்டுமாவது இவற்றை எடுத்து வீட்டில் வைத்துவிடுங்கள். குழந்தைக்கு வாயில் அடக்கிக்கொள்ள ஒரு துண்டு நெல்லிக்காய் கொடுத்தால் போகிறது.

குப்பைமேனி விஷயத்தைச் சொல்லாமல் விட்டால் என் சக வைத்தியர்கள் கோபித்துக்கொள்வார்கள். வாய்க்கால் ஓரத்திலும் குப்பை மேட்டிலும் முளைக்கும் அந்தச் செடிக்குப் பூனைவணங்கி என்றும், மார்ச்சாலமோகினி என்றும் பெயர்கள் உண்டு. மார்ச்சாலம் என்றால் பூனை. பெயருக்கேற்றபடி, செடியை வேரோடு பிடுங்கிப் போட்டால் எங்கிருந்தோ பூனை வந்துவிடும். வேரைக் கடிக்கும், முகத்தைத் தேய்க்கும், புரண்டு புரண்டு விளையாடும். பாளையங்கோட்டை சித்த மருத்துவக் கல்லூரியில் படித்த காலத்தில் நாங்கள் இதைப் பார்த்துச் சிரித்ததுண்டு. மேல்நாட்டுப் பூனைகள் கேட்நிப் என்ற செடிக்கு மயங்குவதும் இதே மாதிரிதான். இதைக் கேள்விப்பட்டவர்கள், "அப்போ கூடைக்குள்ள ரெண்டு வேரைப் போட்டுட்டா பூனை மயங்கிக் கிடக்குமில்ல?" என்று கேட்கிறார்கள். மயங்கிக் கிடக்காது. குஷி பிடித்துக் குதிக்கும், அதுதான் வித்தியாசம். ஓடுகிற வண்டியில் நமக்கு வேண்டியது அமைதியான பூனை. குப்பைமேனி வீட்டு வாசலோடு நிற்கட்டும்.

சரி, மடியா, கூடையா? கூடைதான். இதில் இரண்டாம் பேச்சு இல்லை. மூடி போட்டுத் தாழிடக்கூடிய பிளாஸ்டிக் பெட்டிகள் கடைகளில் கிடைக்கின்றன. கெட்டியான மூங்கில் கூடையும் நல்லதுதான், ஆனால் மூடியை இறுகக் கட்ட வேண்டும். பூனை உள்ளே எழுந்து நிற்கவும், திரும்பவும், சுருண்டு படுக்கவும் இடம் வேண்டும், நாலு பக்கமும் காற்றோட்டம் வேண்டும். சாக்குப்பையில் போட்டு வாயைக் கட்டிக் கொண்டுபோகும் பழைய வழக்கம் வேண்டவே வேண்டாம். வெயிலில் மூச்சு முட்டிப்போகும்.

இந்தக் கூடையைப் பயணத்தன்று பரணிலிருந்து இறக்கினால் காரியம் கெட்டது. கூடையைக் கண்டதும் பூனை பீரோவுக்கு அடியில் போய்விடும். பத்து நாள் முன்பே கூடத்தில் திறந்து வையுங்கள். உங்கள் பழைய பருத்திப் புடவை ஒன்றை உள்ளே விரியுங்கள், துவைக்காத புடவையாக இருந்தால் இன்னும் நல்லது, உங்கள் வாசனை இருக்கும். சாப்பாட்டை அதற்குள்ளேயே வையுங்கள். நாலைந்து நாளில் அதுவே போய்ப் படுக்க ஆரம்பித்துவிடும். பிறகு மூடியைச் சாத்தி, தெருமுனை வரை ஒரு தடவை, கடைவீதி வரை ஒரு தடவை வண்டியில் கொண்டுபோய் வாருங்கள்.

நம் நாட்டுச் சட்டமும் கூடையின் பக்கம்தான் இருக்கிறது. பிராணி வதைத் தடைச் சட்டம் 1960-இல் வந்தது. அதன் கீழ் 1978-இல் பிராணிகளைக் கொண்டுசெல்வதற்கான விதிகள் வகுத்தார்கள். நாய்க்கும் பூனைக்கும் அதில் தனி அத்தியாயமே உண்டு. பொது வண்டியில் கொண்டுபோனால் கூண்டில் வைக்க வேண்டும், கூண்டை வண்டியின் கூரைமேல் ஏற்றக் கூடாது, வண்டி திடீர் திடீரென்று நிற்காமல் ஒரே சீராகப் போக வேண்டும், கூடவே ஓர் ஆள் இருக்க வேண்டும் என்கிறது. தூரப் பயணத்தில் கோடையில் 4 மணிக்கு ஒரு தடவை, குளிர்காலத்தில் 6 மணிக்கு ஒரு தடவை தண்ணீர், பெரிய பூனைக்கு 12 மணிக்கு ஒரு தடவை, குட்டிக்கு 4 மணிக்கு ஒரு தடவை உணவு என்று கணக்குக்கூடப் போட்டிருக்கிறார்கள். பிரசவம் நெருங்கிய பூனையைக் கொண்டுபோகக் கூடாது என்பதும் அதில் உண்டு. பஸ்ஸில் போவதாக இருந்தால் ஏறும் முன்பே கண்டக்டரிடம் கேட்டுவிடுங்கள். பைக் டாங்க் மேல் கூடையை வைத்து ஓட்டுவது மட்டும் வேண்டாம்.

காரில் கூடையைப் பின் சீட்டில் வைத்து பெல்ட்டால் இறுக்குங்கள். இல்லையா, முன் சீட்டுக்குப் பின்னால் கால் வைக்கும் பள்ளத்தில் அசையாமல் வையுங்கள். மேலே மெல்லிய துண்டைப் போட்டால், வெளியே ஓடும் மரமும் வண்டியும் தெரியாமல் பூனை அடங்கி இருக்கும். காற்று வரும் பக்கத்தை மூடிவிடாதீர்கள்.

"எங்க பூனை ரொம்ப சாது, மடியிலேயே கெடக்கும்" என்று சொல்லிக்கொண்டு போனார்கள் ஒரு குடும்பத்தார். கிருஷ்ணன்கோவில் விலக்கில் பின்னாலிருந்து ஒரு பஸ் ஹாரன் அடித்தது. சாதுப் பூனை குழந்தையின் கையைக் கீறிவிட்டு, பாய்ந்துபோய் ஓட்டுகிறவரின் காலடியில், பிரேக் பெடலுக்கு அடியில் புகுந்துகொண்டது. எப்படியோ வண்டியை ஓரம் கட்டிவிட்டார். அன்று எதிரே லாரி எதுவும் வரவில்லை.

மறுநாள் அந்தக் குழந்தையை என்னிடம் கூட்டி வந்தபோது கீறல் மேல் காபித்தூள் அப்பியிருந்தது. "குப்பைமேனியும் மஞ்சளும் அரைச்சுப் போடலாமா டாக்டரய்யா?" என்றார் பாட்டி. சொறி சிரங்கு என்றால் நானே போடச் சொல்லியிருப்பேன். பூனைக் கீறலுக்குச் சொல்ல மாட்டேன். வெறிநோய் நாயால் மட்டும் வருவதாகப் பலர் நினைக்கிறார்கள். பூனைக் கடியாலும், ரத்தம் வரும்படியான கீறலாலும் வரலாம். வந்துவிட்டால் எந்த வைத்தியத்திலும் கரையேற்ற முடியாத நோய் அது. சித்த மருத்துவமும் இதில் விலக்கல்ல. செய்ய வேண்டியது இதுதான். குழாய்த் தண்ணீரைத் திறந்துவிட்டு, சோப்புப் போட்டு 15 நிமிஷம் கழுவுங்கள். கடிகாரத்தைப் பார்த்து 15 நிமிஷம். சுண்ணாம்பு, காபித்தூள், மஞ்சள், எண்ணெய் எதுவும் வேண்டாம், கட்டும் போட வேண்டாம். நேரே அரசு ஆஸ்பத்திரிக்குப் போய்த் தடுப்பூசி போடுங்கள், அங்கே காசு கிடையாது. சொன்ன தேதிகள் அத்தனைக்கும் போக வேண்டும். இரண்டு ஊசியோடு நிறுத்திவிடுகிறவர்கள்தான் அதிகம். பூனையின் பல் ஊசி மாதிரி. கடித்த இடம் வெளியே சின்னப் புள்ளியாகத் தெரியும், உள்ளே ஆழமாகப் போயிருக்கும், ஒரே நாளில் சீழ் பிடித்துவிடும். அதையும் அலட்சியம் செய்யாதீர்கள். பூனைக்கும் மூன்று மாத வயதில் வெறிநோய்த் தடுப்பூசி போட்டு, கால்நடை மருத்துவர் சொல்லும் கணக்கில் தொடர வேண்டும். புதிதாகப் போடுவதாக இருந்தால் பயணத்துக்கு ஒரு மாதம் முன்பே போட்டுவிடுங்கள்.

அடுத்தது வெயில். விருதுநகர் மாவட்டத்து வெயிலைப் பற்றி நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ராஜபாளையத்திலிருந்து கிளம்பினால், ஸ்ரீவில்லிபுத்தூரில் எல்லா வண்டியும் ஒரு நிமிஷம் நிற்கும். பால்கோவா! "அஞ்சு நிமிஷம்தான்" என்று கண்ணாடியை ஏற்றி, பூனையை உள்ளே விட்டுவிட்டு இறங்குவீர்கள். கடையில் கூட்டம். ஐந்து நிமிஷம் அரை மணி நேரமாகும். அமெரிக்க டாக்டர்கள் 2005-இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், வெயிலில் நிறுத்திய காரின் உள்ளே ஒரு மணி நேரத்தில் சராசரியாக 22 டிகிரி செல்ஷியஸ் ஏறியது. அதில் ஐந்தில் நாலு பங்கு முதல் அரை மணி நேரத்திலேயே ஏறிவிட்டது. கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கி வைத்துப் பார்த்தும் பெரிய வித்தியாசம் இல்லை. பூனைக்கு நம்மைப் போல உடம்பெல்லாம் வேர்க்காது, உள்ளங்காலில்தான் கொஞ்சம் வேர்க்கும். நாய் வாயைத் திறந்து இளைப்பது சகஜம். பூனை அப்படி இளைத்தால் அபாயம் என்று அர்த்தம். எச்சில் ஒழுகும், தள்ளாடும், ஈறு செக்கச்செவேல் என்று ஆகும். உடனே நிழலுக்கோ ஏ.சி.க்கோ கொண்டுபோய், சாதாரணத் தண்ணீரால் உடம்பையும் பாதத்தையும் நனைத்து விசிறுங்கள். ஐஸ் தண்ணீர் வேண்டாம். வாயில் தண்ணீரைப் புகட்டாதீர்கள், தானாக நக்கினால் நக்கட்டும். கொஞ்சம் தெளிந்தாலும் கால்நடை மருத்துவரிடம் காட்டியே ஆக வேண்டும்.

பால்கோவாவைப் பற்றிப் பேச்சு வந்ததால் ஒன்று சொல்கிறேன். ஆசையாகப் பூனைக்கு ஒரு விள்ளல் கொடுக்கிறோமே, அதற்கு இனிப்பே தெரியாது! இனிப்பை உணரும் அமைப்பு பூனையின் நாக்கில் வேலை செய்வதில்லை என்று 2005-இல் கண்டுபிடித்துவிட்டார்கள். கொழுப்பின் வாசனைக்குத்தான் நக்குகிறது. வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குப் பாலே ஜீரணமாகாமல் பேதியாகும். நடுவழியில் அந்தக் கஷ்டம் யாருக்கு? பால்கோவாவை நீங்களே சாப்பிட்டுக்கொள்ளுங்கள்.

கோடையில் விடிகாலை 5 மணிக்குக் கிளம்புவது உத்தமம். சாப்பாடு மூன்று, நாலு மணி நேரம் முன்பே கொஞ்சமாக வையுங்கள். ராஜபாளையத்திலிருந்து போகிறவர்கள் வெறும் வயிற்றோடு கொண்டுபோனாலும் குடிமுழுகாது, போய்ச் சேர்ந்ததும் கொடுத்துக்கொள்ளலாம். ஆடி அமாவாசையை ஒட்டிய நாட்களைத் தவிர்த்துவிடுங்கள். சதுரகிரிக்குப் போகும் கூட்டத்தில் வத்திராயிருப்பு ரோட்டில் வண்டி நகராது. வழியில் சதுரகிரி மூலிகை என்று விற்பதை வாங்கினாலும் பூனைப் பக்கம் கொண்டுபோக வேண்டாம்.

பூனைக்கான மணல் தட்டை மறக்காதீர்கள். வீட்டில் உபயோகித்த மணலில் ஒரு கை கலந்து வைத்தால் புது இடத்திலும் அடையாளம் கண்டுகொள்ளும். அந்தத் தட்டைக் கர்ப்பிணிப் பெண்கள் சுத்தம் செய்யக் கூடாது. பூனை மலத்தின் வழியாக டாக்ஸோபிளாஸ்மா என்ற கிருமி வந்து வயிற்றுப் பிள்ளையைப் பாதிக்கக்கூடும். வேறு யாராவது தினமும் அள்ளிப் போட்டுக் கையைச் சோப்பால் கழுவட்டும். ஆஸ்துமா உள்ள குழந்தையைப் பூனைக் கூடைக்குப் பக்கத்தில் உட்கார வைக்காதீர்கள்.

பிளவக்கல் போய்ச் சேர்ந்தாச்சு. பெரியாறு, கோவிலாறு என்று இரண்டு அணைகள். (இந்தப் பெரியாறு வேறு, முல்லைப் பெரியாறு வேறு.) பின்னால் மலை, மலை முழுக்கக் காடு. சாம்பல் நிற அணில்களுக்காக ஏற்பட்ட சரணாலயத்தை மேகமலையோடு சேர்த்து 2021-இல் புலிகள் காப்பகமாக அறிவித்துவிட்டார்கள். சிறுத்தை உண்டு, தோப்புக்குள் இறங்கும் யானை உண்டு, பாம்பைச் சொல்லவே வேண்டாம். இந்த இடத்தில் "பாவம், அதுவும் கொஞ்சம் காற்று வாங்கட்டும்" என்று கூடையைத் திறந்தால் பூனை உங்களுக்கு இல்லை.

காட்டுக்கும் அது நல்லதல்ல. வாந்தியும் பேதியுமாக வந்து பூனைக்குட்டிகளைக் கொல்லும் வைரஸ், வீட்டுப் பூனையிலிருந்து காட்டுப் பூனைக்கும் போகக்கூடியது. 2018-இல் குஜராத்தின் கிர் காட்டில் 20-க்கும் மேற்பட்ட சிங்கங்கள் இறந்தபோது, அவற்றில் சிலவற்றில் நாய்களுக்கு வரும் டிஸ்டெம்பர் வைரஸ் இருந்தது தெரியவந்தது. ஆகவே அணையைப் பார்க்கப் போகும்போது பூனை தங்கும் வீட்டிலேயே இருக்கட்டும். அங்கேயும் முதல் இரண்டு நாள் ஒரே அறைதான். ஜன்னலைச் சாத்தி, கூடையைத் திறந்து வைத்து, மணல் தட்டை ஒரு மூலையிலும் தண்ணீரை எதிர் மூலையிலும் வைத்துவிட்டு வெளியே வந்துவிடுங்கள். தூக்கி வைத்துக் கொஞ்ச வேண்டாம். தானாக வரும். தோப்புக் காவல் நாயை அந்தப் பக்கம் வர விடாதீர்கள்.

ஒருவேளை தப்பி ஓடிவிட்டால் கூட்டமாகச் சேர்ந்து கத்திக் கூப்பிடாதீர்கள். பயந்த பூனை பெரும்பாலும் வெகுதூரம் போகாது. விறகுக் கட்டுக்கு அடியில், மோட்டார் ரூமில், தென்னை ஓலைக் குவியலில் சத்தமில்லாமல் பதுங்கி இருக்கும். ஊர் அடங்கிய பிறகு, வழக்கமாகச் சோறு வைக்கிறவர் ஒருவர் மட்டும் டார்ச்சோடு போய், மெதுவாகக் கூப்பிட்டுப் பாருங்கள். கூடையையும் அந்தப் பழைய புடவையையும் தப்பிய இடத்திலேயே வைத்துவிடுங்கள். மறுநாள் காலையில் அதற்குள்ளேயே படுத்திருந்த பூனைகள் உண்டு.

ஊர் மாறிய முதல் நாள் பூனை சாப்பிடாமல் இருப்பது சகஜம். இரண்டாம் நாளும் வாயை வைக்கவில்லை என்றால் காட்டிவிடுங்கள். கொழுத்த பூனை பட்டினி கிடந்தால் கல்லீரல் கெடும். கடுவன் பூனையாக இருந்தால் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். பயணத்தின் மிரட்சியில் சில கடுவன்களுக்குச் சிறுநீர் அடைத்துக்கொள்ளும். மணல் தட்டில் போய்ப் போய் உட்கார்ந்து முக்கும், சொட்டுக்கூட வராது, கத்தும். மலச்சிக்கல் என்று நினைத்து விளக்கெண்ணெய் புகட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். நீர்முள்ளிக் கஷாயமும் வேண்டாம், அது மனிதர்களுக்கு. அடைப்பை எடுக்காமல் ஒன்றிரண்டு நாள் விட்டால் உயிர் போய்விடும். பக்கத்தில் இருக்கும் கால்நடை மருத்துவமனைக்குப் போங்கள். அங்கே முடியாது என்றால் திருநெல்வேலி ராமையன்பட்டியில் அரசு கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. கூடையைக் கழுவி வெயிலில் காய வைத்திருந்தாலும் பரவாயில்லை, அப்படியே எடுத்துக்கொண்டு கிளம்புங்கள்.